பந்தைத் தொடாத ஐவரும் கொட்டாஞ்சேனைப் பொடியன்களும்

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சுகததாச விளையாட்டரங்கு. 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழாக்கள் நடந்த இடம். பாடசாலைக் காலத்தில் மெய்வல்லுநர் போட்டிகளுக்காக அங்கு போய்வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். ஆனால், 2012ஆம் ஆண்டு அதே புற்தரையில் ஹெல்மட்டும் தோள் கவசமும் அணிந்தவர்கள் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினார்கள் என்று சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள். 'எலீட் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா' என்ற தொழில்முறைத் தொடரின் முதலாவது பருவ ஆட்டங்கள் அவை. பங்குகொண்ட எட்டு அணிகளில் ஒன்றின் பெயர் 'கொழும்பு லயன்ஸ்'. மைக் டிட்கா, கேர்ட் வோர்னர் போன்ற அமெரிக்காவின் பெரிய பெயர்கள் அதற்குப் பின்னால் நின்றன. புனே மராத்தாஸ் அணி முதலாவது கிண்ணத்தை வென்றது. தொடர் நீண்ட காலம் நிலைக்கவில்லை.

அந்த விளையாட்டே இல்லாத ஓர் ஊரில் அணியொன்றைக் கட்டுவதென்றால் ஆட்களை எங்கே தேடுவது? பந்தை எறிபவரைக் கிரிக்கெட் மைதானத்தில் தேடலாம். ஓடுபவரை நூறு மீற்றர் ஓட்டத்தில் தேடலாம். பந்தைப் பிடிப்பவரைக் கூடைப்பந்தாட்டத்தில் தேடலாம். ஆனால், பந்தைத் தொடவே தொடாமல், எதிரே பாய்ந்து வரும் ஆட்களை மூன்று விநாடிகள் தடுத்து நிற்கும் ஐந்து பேரை எங்கே தேடுவது? எங்களிடம் அதற்கு மிக அருகில் இருப்பது றக்பியின் ஸ்க்ரம்மில் தலையைக் கொடுத்து நிற்கும் பொடியன்கள்தான்.

அமெரிக்காவின் பணக்கார அணிகளுக்கும் இதே கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் பதில்களில், கொழும்பில் பிள்ளைகளை றக்பிக்கு அனுப்பும் பெற்றோருக்கு உதவக்கூடிய சில விடயங்கள் இருக்கின்றன. அவற்றை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஐந்து பேர், மூன்று விநாடிகள்

அமெரிக்கன் ஃபுட்போலில் தாக்கும் அணியில் 11 பேர். நடுவில் நின்று பந்தை எறிபவர் குவாட்டர்பெக். அவருக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டினாற்போல் நிற்பவர்கள் ஐந்து பேர். மத்தியில் நின்று பந்தைக் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட் என்று இருவர். அவர்களுக்கும் வெளியே டக்கிள் என்று இருவர். இந்த ஐவரும் சேர்ந்ததுதான் ஒஃபென்சிவ் லைன். சுருக்கமாக லைன் என்றே சொல்வோம்.

வழமையான ஆட்டத்தில் இவர்கள் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி அனுமதிப்பதில்லை. புள்ளிப்பட்டியலில் இவர்களது பெயர் வராது. இவர்கள் தவறுவிட்டால் மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் இவர்களது இலக்கத்தைச் சொல்வார். வேலை இரண்டே இரண்டுதான். பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவது ஒன்று. எறிபவருக்கு எறிவதற்கான நேரத்தை வாங்கிக் கொடுப்பது மற்றையது. அந்த நேரம் பெரும்பாலும் மூன்று விநாடிகளுக்குள் முடிந்துவிடும்.

றக்பி பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு விடயம் குழப்பும். றக்பியில் பந்து கையில் இல்லாத ஒருவரை மறித்தால் தவறு. இங்கு அதுவே தொழில். எனவேதான் இந்த விளையாட்டில் 'மறிப்பவர்' என்று ஒரு தனி இனம் உருவாகியிருக்கிறது. சராசரியாக 140 கிலோவை எட்டும் உடம்பு, ஆனால் நடனமாடுபவரைப் போல விரைவாக மாறும் பாதங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அரிது. அந்த அரிதுதான் இந்தக் கதை முழுவதற்கும் காரணம்.

ஐவரிலும் இடது டக்கிள் நீண்ட காலமாகத் தனி மதிப்புப் பெற்றவர். வலது கையால் எறியும் குவாட்டர்பெக் உடம்பைத் திருப்பும்போது அவரது முதுகு இடது பக்கத்துக்குத்தான் போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 18 அன்று நியூயோர்க் ஜயன்ட்ஸின் லோரன்ஸ் டெய்லர், வொஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை வீழ்த்தியபோது தைஸ்மனின் கால் முறிந்தது. அவர் அதன் பின்னர் விளையாடவே இல்லை. பார்க்க முடியாத அந்தப் பக்கத்தைக் காப்பவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கு அதன் பிறகு மாறியது. மைக்கல் லூயிஸ் 2006இல் எழுதிய 'த பிளைண்ட் சைட்' என்ற புத்தகம் அந்த மாற்றத்தைப் பற்றியது. 2009இல் வந்த அதே பெயர்கொண்ட படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல

எங்களுக்கு டிராஃப்ட் என்ற சொல் லங்கா பிறிமியர் லீக் வழியாகத்தான் அறிமுகம். 2020இலிருந்து 2022 வரை அங்கு டிராஃப்ட் முறையில்தான் வீரர்களைத் தெரிவுசெய்தார்கள். 2023இல் ஏலத்துக்கு மாறினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. ஏலத்தில் காசு பேசும். டிராஃப்டில் வரிசை பேசும்.

அமெரிக்காவின் என்.எஃப்.எல். தொடரில் இன்று 32 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் வீரர்களை இந்த அணிகள் ஏழு சுற்றுகளில் தெரிவுசெய்கின்றன. கடந்த பருவத்தில் மிக மோசமாக விளையாடிய அணிக்கு முதல் வாய்ப்பு. கிண்ணம் வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பேர்ட் பெல் 1935இல் இந்த யோசனையை முன்வைத்தார். முதலாவது டிராஃப்ட் 1936இல் நடந்தது. பெல் தர்மவான் என்பதால் இதைச் சொல்லவில்லை. அவரது அணி தோற்றுக்கொண்டிருந்தது. நல்ல வீரர்கள் எல்லோரும் பணமும் புகழும் உள்ள அணிகளுக்கே போனார்கள். அப்படியே விட்டால் பலவீனமான அணிகள் செத்துப்போகும், அவை செத்தால் தொடரும் சாகும் என்பது அவரது வாதம்.

வாய்ப்பு எண்ணிக்கை குறைவு, தேவை அதிகம் என்பதால் ஒவ்வோர் அணியும் ஒரே கேள்வியைச் சந்திக்கிறது. முதல் சுற்றில் கிடைக்கும் பெறுமதியான வாய்ப்பை யாருக்குச் செலவழிப்பது? ரசிகர்கள் எறிபவரையும் ஓடுபவரையும் கேட்பார்கள். லைன்காரர் ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டால் அரங்கில் பெரிய ஆரவாரம் இருக்காது. சீருடை விற்பனையிலும் அவரால் பெரிய பயன் இல்லை.

மேலே எடுப்பதா, கீழே எடுப்பதா?

டல்லஸ் கௌபோய்ஸ் அணி இதற்குத் தெளிவான ஒரு பதிலைச் சொன்னது. 2011இல் டக்கிள் டைரன் ஸ்மித், 2013இல் சென்டர் ட்ரவிஸ் ஃபிரெடெரிக், 2014இல் ஸக் மார்ட்டின். நான்கு ஆண்டுகளில் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை லைனுக்கே கொடுத்தார்கள். 2014இல் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸின் மனம் ஜொனி மன்ஸியெல் என்ற பிரபலமான குவாட்டர்பெக் மீது இருந்தது. அவருடன் இருந்தவர்கள் தடுத்து மார்ட்டினை எடுக்க வைத்தார்கள். மன்ஸியெலின் என்.எஃப்.எல். வாழ்க்கை இரண்டு பருவங்களில் முடிந்தது. மார்ட்டின் பதினொரு பருவங்கள் விளையாடினார். அவர் வந்த அதே 2014இல் டல்லஸின் டிமார்கோ மறே 1,845 யார் ஓடி அந்தப் பருவத்தின் ஓட்டப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். பத்திரிகைகள் மறேயைக் கொண்டாடின. அடுத்த ஆண்டு மறே வேறு அணிக்குப் போனார். அந்த ஓட்டம் அவருடன் போகவில்லை.

மார்ட்டின் பல்கலைக்கழகத்தில் டக்கிளாக இருந்தவர். டல்லஸ் அவரைக் கார்ட் ஆக்கியது. லைன் தெரிவில் இது ஓர் எழுதாத விதி. வெளியே நிற்கக்கூடியவரை உள்ளே கொண்டுவரலாம். உள்ளே மட்டும் நிற்கக்கூடியவரை வெளியே கொண்டுபோவது கடினம். ஆகவே டக்கிளை முதல் சுற்றுகளில் எடு, கார்ட்டையும் சென்டரையும் பின்னால் தேடு என்று பெரும்பாலான அணிகள் நினைக்கின்றன. உயரமும் நீண்ட கைகளும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கால் வைக்கும் முறையும் கையை வைக்கும் இடமும் சொல்லிக்கொடுத்து வரும்.

பின்னால் தேடுவதில் பலன் இருக்கிறதா என்று கேட்டால், ஜேசன் கெல்ஸி சாட்சி. 2011இல் ஆறாவது சுற்றில், 191ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது. சென்டருக்கு உடம்பு சிறியது என்றார்கள். 13 பருவங்கள் விளையாடி, ஆறு தடவை அந்தந்தப் பருவத்தின் மிகச் சிறந்த சென்டராகத் தெரிவாகி 2024இல் ஓய்வுபெற்றார். அவர் போன பின்னர் ஆள் தேடி அந்த அணி ஓடவில்லை. 2022இலேயே கேம் ஜேர்கன்ஸ் என்ற சென்டரை இரண்டாவது சுற்றில் எடுத்து வைத்திருந்தது. அவர் ஒரு பருவம் கெல்ஸிக்குப் பக்கத்தில் கார்ட்டாக நின்று பழகினார். பிறகு அவரது இடத்துக்கு வந்தார்.

சங்கிலியின் பலவீனமான கண்ணி

கிரிக்கெட்டில் ஒரு சதம் ஆட்டத்தைக் காப்பாற்றலாம். லைனில் அப்படி இல்லை. நான்கு பேர் அற்புதமாக மறித்து, ஐந்தாமவர் வழுக்கினால் குவாட்டர்பெக் நிலத்தில் கிடப்பார். எனவே ஒரு நட்சத்திரத்தைச் சேர்ப்பதை விட, மிகப் பலவீனமான இடத்தைச் சற்று உயர்த்துவது கூடுதல் பலன் தரும். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தோற்ற பிறகுதான் நம்புகிறார்கள்.

2021 பெப்ரவரி 7 அன்று நடந்த சூப்பர் போல் இறுதியாட்டத்தில் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் 31–9 என்று தம்பா பே அணியிடம் தோற்றது. உலகின் மிகச் சிறந்த குவாட்டர்பெக் என்று அப்போதே பேசப்பட்ட பற்றிக் மஹோம்ஸ் அன்றிரவு 29 தடவைகள் துரத்தப்பட்டார். அவரது இரண்டு டக்கிள்களும் காயத்தால் வெளியே இருந்தார்கள். அந்த விடுமுறைக் காலத்தில் அணி நிர்வாகம் லைன் முழுவதையும் கலைத்துக் கட்டியது. ஒர்லாண்டோ பிறவுணை வேறு அணியிடமிருந்து மாற்றி வாங்கினார்கள். ஜோ தூனியைப் பணம் கொடுத்து எடுத்தார்கள். டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் சென்டர் கிறீட் ஹம்ஃப்றியையும், ஆறாவது சுற்றில் 226ஆவது ஆளாக ட்றே ஸ்மித்தையும் எடுத்தார்கள். ஸ்மித் திறமைசாலி. நுரையீரலில் இரத்தக் கட்டி வந்த வரலாறு இருந்ததால் ஏனைய அணிகள் அவரைத் தவிர்த்திருந்தன. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஐந்து இடத்திலும் ஐந்து புதியவர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 பெப்ரவரியில் மீண்டும் சூப்பர் போல். எதிரணி ஃபிலடெல்ஃபியா, அந்தப் பருவத்தில் எதிரணிகளின் குவாட்டர்பெக்குகளை 70 தடவைகள் வீழ்த்தியிருந்த அணி. மஹோம்ஸை அவர்களால் ஒரு தடவை கூட வீழ்த்த முடியவில்லை. சீஃப்ஸ் 38–35 என்று வென்றது.

கதை அங்கே முடியவில்லை. 2024 பருவத்தில் அதே சீஃப்ஸிடம் நம்பகமான இடது டக்கிள் இல்லை. பருவத்தின் பிற்பகுதியில் கார்ட்டான தூனியையே அங்கே நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று இறுதியாட்டத்தில் மஹோம்ஸ் ஆறு தடவைகள் வீழ்த்தப்பட்டார். ஃபிலடெல்ஃபியா 40–22 என்று வென்றது. சில வாரங்களில் வந்த டிராஃப்டில் சீஃப்ஸ் முதல் சுற்றில் எடுத்தது ஓர் இடது டக்கிளை. ஒரு தடவை கட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாத வேலை இது.

மறுபக்க வாதமும் இருக்கிறது. 2020 நவம்பரில் சின்சினாட்டி அணியின் இளம் குவாட்டர்பெக் ஜோ பரோவின் முழங்கால் கிழிந்தது. 2021 டிராஃப்டில் ஐந்தாவது வாய்ப்பு அவர்களுக்கு. பெனே சூவல் என்ற மிகச் சிறந்த டக்கிள் காத்திருந்தார். அவர்களோ பந்தைப் பிடிக்கும் ஜமார் சேஸை எடுத்தார்கள். சேஸ் பிரமாதமாக விளையாடினார். அணி அந்தப் பருவத்திலேயே சூப்பர் போல் வரை போனது. ஆனால், வழமையான பருவத்தில் பரோ 51 தடவைகள் வீழ்த்தப்பட்டார், சூப்பர் போலில் மட்டும் ஏழு தடவைகள். அந்த ஆட்டத்தில் 23–20 என்று தோற்றார்கள். சூவலை இரண்டு இடம் தள்ளி எடுத்த டிட்ரொய்ட் லயன்ஸ் மெதுவாகத்தான் எழுந்தது. ஆனால், பல தசாப்தங்களாகத் தோல்விக்குப் பெயர்போன அந்த அணி, அந்த லைனை அத்திவாரமாக வைத்து எழுந்தது. சேஸை எடுத்தது பிழை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முடிவின் விலையை யாருடைய உடம்பு கொடுத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சிட்னியின் றக்பிப் பையன்

இனி எங்களுக்கு மிகவும் நெருக்கமான உதாரணம். ஜொர்டன் மைலாட்டா சிட்னியில் பிறந்தவர். பெற்றோர் சமோவாவிலிருந்து குடியேறியவர்கள். 6 அடி 8 அங்குலம், 160 கிலோவுக்கு மேல். றக்பி லீக் விளையாடினார். இந்த உடம்போடு முழு ஆட்டமும் ஓட முடியாது என்று அங்கு அவருக்குச் சொல்லப்பட்டது. என்.எஃப்.எல். நடத்தும் சர்வதேச வீரர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு வந்தார். 2018 டிராஃப்டின் கடைசிச் சுற்றில், 233ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது. அப்போது அவர் தன் வாழ்க்கையில் ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டம் கூட விளையாடியிருக்கவில்லை.

முதல் இரண்டு பருவங்களும் அவர் களமிறங்கவில்லை. 2013இலிருந்து அந்த அணியின் லைனைப் பயிற்றுவித்த ஜெஃப் ஸ்டௌட்லண்ட் அவருக்கு எப்படி நிற்பது என்பதிலிருந்து ஆரம்பித்தார். 2020இல்தான் முதல் ஆட்டம். 2021இல் நான்கு ஆண்டுகளுக்கு 64 மில்லியன் டொலர் ஒப்பந்தம். 2025இல் மஹோம்ஸின் அணியை வீழ்த்திக் கிண்ணம் வென்ற அணியின் இடது டக்கிள் அவர்தான். மறுபுறம் நின்ற லேன் ஜோன்சன் இளம் வயதில் குவாட்டர்பெக்காக இருந்தவர். உள்ளே நின்ற மெக்காய் பெக்டன், இன்னோர் அணி முதல் சுற்றில் எடுத்துப் பிறகு கைவிட்டவர். ஸ்டௌட்லண்ட் அவரை டக்கிளிலிருந்து கார்ட் ஆக்கினார்.

ஃபிலடெல்ஃபியாவின் டிராஃப்ட் உத்தி என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, அந்த உத்தியின் பாதி டிராஃப்டுக்கு வெளியே இருக்கிறது என்பதுதான். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இருந்தார். இரண்டு ஆண்டுகள் பலன் கேட்காமல் காத்திருக்கும் பொறுமை நிர்வாகத்துக்கு இருந்தது. இவை இரண்டும் இல்லாத அணியில் மைலாட்டா இரண்டாவது ஆண்டே சிட்னிக்குத் திரும்பியிருப்பார்.

எங்கள் ஊரில் டிராஃப்ட் இல்லை

இப்போது கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து கால்வாயைத் தாண்டினால் பம்பலப்பிட்டியில் சென். பீற்றர்ஸ் கல்லூரி. ஹெவ்லொக் டவுன் பக்கம் திரும்பினால் இசிபத்தன கல்லூரியும் ஹெவ்லொக் விளையாட்டுக் கழக மைதானமும். பாடசாலை றக்பியின் பெரிய பெயர்கள் தமிழர்கள் செறிந்து வாழும் இந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கின்றன. றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான பிரட்பி கேடயம் 1945இலிருந்து நடக்கிறது. அந்த நாட்களில் கொழும்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

றக்பியில் லைனுக்குச் சமமானது ஸ்க்ரம்மின் முன்வரிசை. நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் ப்ரொப். இவர்களில் டைட்ஹெட் ப்ரொப்பின் தலை எதிரணியின் இருவருக்கு நடுவில் போகிறது. அவரது இரண்டு தோள்களிலும் சுமை இறங்குகிறது. முன்வரிசைக்கு யாரையும் பிடித்து நிறுத்த முடியாது என்பதை விதியே சொல்கிறது. 23 பேர் கொண்ட குழாமில் ஆறு பேராவது முன்வரிசைக்குப் பயிற்றப்பட்டவர்களாக இருக்க வேண்டும். பயிற்றப்பட்டவர் இல்லாவிட்டால் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. 2013இல் உலக றக்பி அமைப்பு இரு அணிகளும் மோதிக்கொள்ளும் வேகத்தைக் குறைக்க அழைப்பு முறையையே மாற்றியது. இவ்வளவு விதிகளும் ஒரே காரணத்துக்காகத்தான். பிழைத்தால் முறிவது கழுத்து.

ஆள் அரிது, பயிற்சி நீண்டது, ஆபத்து பெரியது. அப்படியிருந்தும் இங்கு ஆட்களைப் பங்கிடும் முறை டிராஃப்டுக்கு நேர் எதிரானது. சிறிய பாடசாலையொன்றின் பயிற்றுவிப்பாளர் பதின்மூன்று வயதில் ஒரு பருமனான பையனைக் கண்டெடுப்பார். மூன்று ஆண்டுகள் கழுத்தையும் முதுகையும் பலப்படுத்திக் குனியக் கற்றுக்கொடுப்பார். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பெரிய பாடசாலையொன்றிலிருந்து அழைப்பு வரும். உயர்தரத்துக்கு அனுமதி, கட்டணச் சலுகை, விடுதி, சப்பாத்து. வெல்பவருக்குத்தான் முதல் வாய்ப்பு. கண்டெடுத்தவருக்குக் கைதட்டல் கூட இல்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவர், துறைமுகத்தில் வேலை செய்பவர், கடந்த ஆண்டு இப்படியொரு அழைப்போடு என்னிடம் வந்தார். மகனுக்கு 16 வயது, ப்ரொப். "தங்கச்சி, நீங்கள் பேப்பருக்கு எழுதுறனீங்கள், உங்களுக்கு ஆக்களத் தெரியும். விடலாமோ?" என்று கேட்டார். போகவேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை. அந்தப் பெரிய பாடசாலையின் பெயர் அவனது வாழ்க்கையில் திறக்கக்கூடிய கதவுகளை நானும் அறிவேன். இந்த நகரத்தில் ஒரு கழுத்துப்பட்டி நேர்முகத் தேர்வில் எவ்வளவு பேசும் என்பது தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியாததல்ல. ஆனால், அவர் கையில் வைத்திருந்த கணக்கில் வரவு மட்டுமே இருந்தது.

இங்கேதான் 'த பிளைண்ட் சைட்' படம் ஞாபகத்துக்கு வருகிறது. வறுமையில் வளர்ந்த, மிகப் பெரிய உடம்புள்ள மைக்கல் ஓஹர் என்ற கறுப்பினச் சிறுவனை மெம்ஃபிஸ் நகரின் வசதியான குடும்பம் ஒன்று சேர்த்துக்கொள்கிறது. தனியார் பாடசாலை, பல்கலைக்கழகம், பிறகு 2009 டிராஃப்டின் முதல் சுற்று. எல்லோரும் கண்கலங்கிய கதை. 2023 ஓகஸ்டில் ஓஹர் நீதிமன்றம் போனார். தன்னை அவர்கள் தத்தெடுக்கவே இல்லை, 2004இல் தன் சார்பில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைத் தரும் பாதுகாவலர் ஏற்பாடு ஒன்றில்தான் கையொப்பம் வாங்கினார்கள் என்றார். தாம் இலாபம் அடைந்ததாகச் சொல்லப்படுவதை அந்தக் குடும்பம் மறுத்தது. அடுத்த மாதமே நீதிபதி அந்தப் பாதுகாவலர் ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தார். யார் சொல்வது சரி என்பதை நாங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை. பெரிய உடம்புள்ள ஒரு பிள்ளைக்குக் கதவு திறக்கப்படும்போது, எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

பெற்றோர் கேட்க வேண்டியவை

என்.எஃப்.எல். அணிகள் லைன்காரர் ஒருவரை எடுக்கும் முன் கேட்கும் கேள்விகளைப் புரட்டிப்போட்டால், எங்கள் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது, அங்கே முன்வரிசையைப் பயிற்றுவிப்பவர் யார், எவ்வளவு காலம் இருக்கிறார்? தலைமைப் பயிற்றுவிப்பாளரின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். மகனின் கழுத்துக்குப் பொறுப்பானவர் வேறு ஒருவர். ஆண்டுதோறும் மாறும் இடமென்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, அதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? பெரிய பாடசாலை நான்கு ப்ரொப்களை எடுத்து இரண்டு பேரை விளையாடவிடும். மற்ற இருவரும் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தலோடு உயர்தரத்தை முடிப்பார்கள். பழைய பாடசாலையில் அவர்கள் அணித்தலைவர்களாகவும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, காயப்பட்டால் என்ன? கட்டணச் சலுகை தொடருமா, வைத்தியச் செலவு யாருடையது, அணியில் இல்லாத பையன் வகுப்பில் இருக்கலாமா? இதை வாயால் அல்ல, கடிதத்தில் கேட்க வேண்டும்.

நான்காவது, என்ன பாடம் படிக்கப்போகிறான்? மகன் தமிழ்மொழி மூலம் படித்தவனென்றால், அவன் விரும்பும் பாடங்கள் அந்தப் பாடசாலையில் தமிழில் இருக்கின்றனவா? றக்பிக்காக மொழியையும் பாடத்தையும் சேர்த்து மாற்றிய பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் போதாது.

ஐந்தாவது, எடை. மைலாட்டாவைப் பார்த்துவிட்டு 16 வயதுப் பையனுக்குச் சோறும் மாப்பாலும் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ரொப்புக்கு வேண்டியது கழுத்து, முதுகு, தொடை ஆகியவற்றின் பலம். விளையாட்டு ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். ஏற்றிய எடை அப்படிப் போகாது. நீரிழிவு இல்லாத வீடு வெள்ளவத்தையில் எத்தனை?

பாடசாலைகளைக் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. டிராஃப்ட் முறையை இங்கு அப்படியே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. பிள்ளைகள் தொழில்முறை வீரர்கள் அல்லர். ஆனால், பேர்ட் பெல்லின் வாதத்தில் எங்களுக்கும் பொருந்தும் பகுதி ஒன்று இருக்கிறது. சிறிய பாடசாலைகளின் முன்வரிசைகள் ஒவ்வோர் ஆண்டும் பிடுங்கப்பட்டால், பயிற்சி போதாத பையன்கள் அந்த இடங்களில் நிறுத்தப்படுவார்கள். பலமான ஸ்க்ரம்முக்கு எதிரே அவர்கள் குனியும்போது தோல்வியை விடப் பெரிய விடயம் அங்கே ஆபத்தில் இருக்கிறது. குறைந்தபட்சம், முன்வரிசை வீரரொருவர் மாறும்போது அவரைப் பயிற்றிய பாடசாலைக்கு அறிவிப்பதும், அந்தப் பாடசாலையின் பயிற்றுவிப்பாளருக்குத் தன் ஸ்க்ரம் பயிற்சிகளைத் திறந்துவிடுவதும் பெரிய பாடசாலைகளுக்குக் கடினமான காரியங்கள் அல்ல.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஃபிளெக் ஃபுட்போல் இடம்பெறுகிறது. 2023 ஒக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் குழு அமர்வில் முடிவானது. அணிக்கு ஐந்து பேர், மோதல் இல்லை, இடுப்பில் தொங்கும் துணியை இழுத்தால் போதும். இலங்கைப் பாடசாலைகளுக்கு அது வந்தால் நல்லதுதான், பெண் பிள்ளைகளும் விளையாடலாம். ஆனால், அதில் மறிப்பவருக்கு இடமில்லை. ஓடத் தெரிந்தவர்களுக்கு இன்னுமொரு விளையாட்டு கிடைக்கும். பருமனான, மெதுவான, பொறுமையான பொடியனுக்கு இந்த நகரத்தில் முன்வரிசை மட்டுமே மிஞ்சும். அந்த ஒரே இடத்தை அவனுக்குப் பாதுகாப்பானதாக வைத்திருப்பது, அவனைத் தெரிவுசெய்கிறவர்களின் வேலை.